ஒரு பாட்டின் இரண்டு பாடங்கள்

எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயர் 2024 ஐப்பசியில் ஓய்ந்தது. முதலில் இடப்பக்க ஸ்பீக்கரில் ஒலி மெலிந்தது, பிறகு கரகரத்தது, ஒரு மாலை இரண்டு பக்கமும் அடங்கிவிட்டன. ரிச்சி தெருவில் எனக்கு நெடுநாள் பழக்கமான மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஐ.சி. போயிடுச்சு சார். இந்த நம்பர் இப்ப வர்றதில்ல. டூப்ளிகேட் போட்டா ரெண்டு மாசம் ஓடும்" என்றார். 1997 தீபாவளி போனஸில் வாங்கிய பெட்டி. 27 ஆண்டு உழைத்திருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

புதிது வாங்கப் போன கடையில் இருந்த இளைஞர் கேட்ட முதல் கேள்வி, "சி.டி. போட்டுக் கேப்பீங்களா சார், இல்ல ஸ்ட்ரீமிங் மட்டுந்தானா?" என்பது. எந்தப் பெட்டியை எடுத்துக் காட்டுவது என்பது என் பதிலைப் பொறுத்தது. 1997-இல் இதே போன்ற ஒரு கடையில் என்னைக் கேட்டது வேறு: "கேசட் டெக் போதுமா, சி.டி.யும் வேணுமா?" அன்று நான் யோசிக்கவே இல்லை. இம்முறை, நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

அந்த 1997-இல் நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். சம்பளம் 3,200 ரூபாய். படக் கேசட் ஒன்று 30 ரூபாய் சொச்சம் விற்றது. அதே படத்தின் குறுந்தகடு 300 ரூபாயைத் தாண்டும். அதற்கு முன்பு எங்கள் வீட்டு இசை முழுவதும் சைதாப்பேட்டைக் கடைத்தெருவில் இருந்த ஒரு ரெக்கார்டிங் சென்டரிலிருந்து வந்தது. பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்து, வெற்றுக் கேசட்டுக்கும் பதிவுக்கும் சேர்த்துப் பணம் கட்டினால் ஒரு வாரத்தில் கிடைக்கும். 60 நிமிடக் கேசட்டில் 12 பாட்டு, பக்கத்துக்கு ஆறு. கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து பதிவார். அவருடைய தட்டில் ஒரு கீறல் இருந்தால் அது எங்கள் கேசட்டுக்கும் வந்து சேரும். ஒரு பாட்டில் இரண்டாம் சரணத்துக்குச் சற்று முன்னால் 'டிக்' என்று ஒலிக்கும். அந்த 'டிக்' இல்லாமல் அந்தப் பாட்டைப் பல ஆண்டுகள் என்னால் நினைத்துக்கொள்ள முடியவில்லை.

குறுந்தகடு வந்து அந்த 'டிக்'கை எடுத்துவிட்டது. பிலிப்ஸும் சோனியும் கூடி வகுத்த தரம் அது. சோனியின் சி.டி.பி.-101 ஜப்பானில் 1982 அக்டோபரில் விற்பனைக்கு வந்தபோது விலை 1,68,000 யென். எங்களைப் போன்றவர்களுக்கு அது எட்ட இன்னும் 15 ஆண்டு ஆயிற்று. பர்மா பஜாரில் நான் வாங்கிய ப்ளேயர் ஜப்பானிலேயே விற்பதற்காகச் செய்யப்பட்டது, 100 வோல்ட்டில் ஓடுவது. அதற்கென்று தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். இரவில் வீடு அடங்கிய பிறகு அந்த டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம் மட்டும் கேட்கும்.

ஊசி தட்டைத் தொட்டுப் படித்தது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்த்துக்கொண்டே. லேசர் தொடாமல் படிக்கிறது. 12 சென்டிமீட்டர் தட்டில், நடுவில் தொடங்கி விளிம்பு நோக்கிச் சுழன்று செல்லும் ஒற்றைத் தடம், நீட்டிப் பிடித்தால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதில் நுண்ணிய குழிகளாக எண்கள். நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதி, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தால் நொடிக்கு 14,11,200 பிட். அடுத்தடுத்து வரவேண்டிய எண்களை ஒரே இடத்தில் எழுதாமல் தள்ளித் தள்ளிச் சிதறவிட்டு, சரிபார்க்கும் எண்களையும் கூடவே வைத்திருப்பதால், தடத்தில் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் வரை அழிந்துபோனாலும் கணக்குப் போட்டு அழிந்ததை அப்படியே மீட்டுவிடும். பகல் முழுவதும் எழுத்துப் பிழைகளோடு வாழ்ந்த எனக்கு, தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ஒரு பிரதி கையில் கிடைத்தது பெரிய அதிசயமாக இருந்தது.

கர்நாடக இசைக்கு அது செய்ததை இன்னும் உயர்வாகச் சொல்ல வேண்டும். 78 சுற்று இசைத்தட்டில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடந்தான். பெரிய வித்வான்கள்கூட ஒரு கீர்த்தனையை அதற்குள் மடக்கிப் பாடினார்கள். எல்.பி. வந்து அதைப் பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் நீட்டியது. குறுந்தகட்டில் 74 நிமிடம். ராகம், தானம், பல்லவி முழுவதும் இடையில் யாரும் எழுந்து தட்டைத் திருப்பாமல் ஒரே இருப்பில் கேட்கலாம் என்றானது அப்போதுதான். 1998-இல் சென்னையில் தொடங்கிய சார்சுர் நிறுவனம் மார்கழிக் கச்சேரிகளை அரங்கத்திலேயே பதிவு செய்து வெளியிட்டபோது, டிசம்பரில் நாரத கான சபா வாசலில் சீட்டுக் கிடைக்காமல் திரும்பிய எனக்குச் சித்திரை வெயிலில் வீட்டுக் கூடத்தில் இடம் கிடைத்தது. தனியாவர்த்தனத்தின்போது யாரோ தொடையில் தாளம் தட்டுவதுகூட அதில் கேட்கும்.

பிறகு வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். நடைபாதையில் விற்ற எம்.பி.3 தட்டு ஒன்றில் 150 பாட்டு இருந்தது. ஒரு குறுந்தகட்டு இசையைப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருக்கினால்தான் அத்தனை கொள்ளும். ஜால்ராவின் ஒலி நீரில் நனைந்ததுபோல் இருக்கும். ஆனாலும் எல்லோரும் வாங்கினோம். அப்புறம் பென் டிரைவ், அப்புறம் கைப்பேசி. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தபோது மாதக் கட்டணம் 119 ரூபாய். ஒரு படத்தின் ஆறு பாட்டுக்கு 300 ரூபாய் கொடுத்தவன், அதில் பாதிகூட ஆகாத தொகைக்குக் கோடிக்கணக்கான பாட்டுகளுக்கு வாசல் திறந்திருப்பதைப் பார்த்தேன்.

ஒலித்தரம் குறைவு என்று சொல்லித் தட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அப்போது ஒரு நியாயம் இருந்தது. ஸ்பாட்டிஃபையின் உயர்ந்த தரமே நொடிக்கு 3,20,000 பிட். குறுந்தகட்டில் கால்வாசிகூட இல்லை. அந்த நியாயமும் மெல்லக் கரைந்தது. 2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக் கூடுதல் கட்டணம் வாங்காமலேயே இழப்பில்லாச் சுருக்கத்தில் பாடல்களைத் தரத் தொடங்கியது. நான் கடைக்குப் போய்வந்த பிறகு, 2025 செப்டம்பரில், ஸ்பாட்டிஃபையும் அந்த வழிக்கு வந்தது. இழப்பில்லாச் சுருக்கம் என்றால், மடித்து வைத்த வேட்டியைப் பிரித்தால் அதே எட்டு முழம் இருப்பதுபோல, பிரிக்கும்போது ஒரு பிட்கூடக் குறையாது. குறுந்தகட்டின் 16 பிட்டுக்கு மேலே 24 பிட்டிலும் தருகிறார்கள். எண்ணை வைத்துப் பார்த்தால் தட்டும் ஸ்ட்ரீம் என்ற ஓடையும் சமம், சில இடங்களில் ஓடையே மேல். கைப்பேசியிலிருந்து ப்ளூடூத் வழியாக அனுப்பினால் மட்டும் அது மறுபடி சுருக்கி அனுப்பும். வைஃபையில் இயங்கும் ஸ்ட்ரீமரையோ கம்பியையோ பயன்படுத்தினால் அந்தக் குறையும் இல்லை.

ஆக, சண்டை முடிந்தது என்றுதான் மறுநாள் கடைக்குப் போனேன். ஆனாலும் கையில் ஒரு தட்டு எடுத்துப் போயிருந்தேன். 1980களின் நடுவில் வந்த ஒரு திரைப்பாடல் அதில் இருக்கிறது. ஒரு ஆண் குரல், பின்னால் கொஞ்சம் வயலின்கள், ஒரு புல்லாங்குழல். எனக்கு அது மனப்பாடம். அந்த இளைஞர் பொறுமைசாலி. அதே ஆம்ப்ளிஃபயர், அதே ஸ்பீக்கர். முதலில் தட்டு, அடுத்து அதே பாட்டு ஸ்ட்ரீமில், இழப்பில்லாத் தரத்தில்.

ஸ்ட்ரீம்தான் நன்றாக இருந்தது. சொல்வதற்குக் கொஞ்சம் வலித்தது, ஆனாலும் அப்படித்தான் தோன்றியது. "இருங்க சார், அது சத்தமா இருக்கு" என்று அவர் கைப்பேசியில் ஒலியை அளக்கும் செயலி ஒன்றைத் திறந்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். உரக்க ஒலிப்பதைக் காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும். விற்பவர்களுக்கு அது தெரியும், அவர் அதை எனக்கு எதிராகப் பயன்படுத்தவில்லை. மறுபடி கேட்டபோது நிலைமை மாறியது. தட்டில், குரலுக்குப் பின்னால் நாடாவின் மெல்லிய இரைச்சல் இருந்தது. அந்த இரைச்சலோடு சேர்ந்து, குழல் தொடங்கும் முன் வாசிப்பவர் மூச்சை இழுப்பதும் இருந்தது. ஸ்ட்ரீமில் இரைச்சல் இல்லை. மூச்சும் இல்லை. தபலாவின் மென்மையான விரலடியும் ஓங்கிய அடியும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒலித்தன. கடைசியில் இன்னொன்று. தட்டில் பாட்டின் நீளம் 4 நிமிடம் 38 வினாடி. ஸ்ட்ரீமில் 4 நிமிடம் 31. பாடகரின் குரல் தேய்ந்து அடங்கிய பிறகு குழல் ஒருமுறை திரும்பி வந்து போகும். அந்த ஏழு வினாடி அதில் இல்லை.

ஏன் என்பதற்கு விடை கடினமானதல்ல. அந்தப் பாட்டு முதலில் காந்த நாடாவில் பதிவானது. நாடாவிலிருந்து எண்களுக்கு மாற்றும்போது யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவுகள் எடுக்கிறார். எந்த நாடாவை எடுப்பது, இரைச்சலை எவ்வளவு வடிகட்டுவது, மெல்லொலியை எவ்வளவு தூக்கிவிடுவது, முடிவில் எந்த இடத்தில் தேயவிடுவது. 1990களில் ஒருவர் அதைச் செய்து தட்டு அச்சிட்டார். பின்னொரு நாளில் வேறொருவர் வேறொரு நாடாவை வைத்து மறுபடி செய்தார். இரண்டும் ஒரே பாட்டின் பெயரில் புழங்குகின்றன. குறுந்தகட்டுக்கும் ஸ்ட்ரீமுக்கும் இடையில் நான் கேட்ட வேற்றுமை தட்டினுடையதும் அல்ல, ஓடையினுடையதும் அல்ல. பிரதியினுடையது.

இதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: பாடபேதம். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் ஊர் ஊராகச் சுவடி தேடினார். ஓர் ஏட்டில் உள்ள சொல் இன்னோர் ஏட்டில் வேறாக இருக்கும். நல்ல பதிப்பாசிரியர் ஒன்றை மூலத்தில் வைத்து மற்றதை அடிக்குறிப்பில் தருவார். தூக்கி எறியமாட்டார். சங்கீதத்தில் இதையே பாடாந்தரம் என்கிறோம். ஒரே கீர்த்தனை, ஒரு குருவழியில் ஒரு சங்கதி, இன்னொரு வழியில் வேறு சங்கதி. பாடுகிறவர் இது யாருடைய பாடாந்தரம் என்று சொல்லிவிட்டுப் பாடினால் அரங்கில் தெரிந்தவர்கள் தலையசைப்பார்கள். முப்பதாண்டு பிரதிகளை ஒப்புநோக்கியே பிழைத்த எனக்கு, இசையிலும் அப்படி ஒப்புநோக்க வேண்டியிருக்கும் என்று அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. ஸ்ட்ரீமிங்கில் பாட்டின் பெயர் இருக்கிறது, படத்தின் பெயர் இருக்கிறது, உரிமையாளர் யாரென்றும் இருக்கிறது. இது எந்த நாடாவிலிருந்து எடுத்த பாடம் என்பது மட்டும் இல்லை. போன மாதம் கேட்டதை எடுத்துவிட்டு இந்த மாதம் வேறொன்றை வைத்தாலும் கேட்பவருக்குத் தெரியாது. தட்டு அப்படி மாறாது. நல்லதோ கெட்டதோ, அச்சான அன்று என்ன இருந்ததோ அதுதான்.

கெட்டதும் உண்டு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1990களில் வந்த தமிழ்த் திரைக் குறுந்தகடுகளில் எத்தனையோ அவசர வேலைகள். இரண்டு படங்களை ஒரே தட்டில் திணித்து, இடம் போதாமல் ஒரு பாட்டை விட்டுவிடுவார்கள். மூல நாடா கிடைக்காமல் கேசட்டிலிருந்தே எடுத்தவையும் இருக்கின்றன. கேட்டால் தெரிந்துவிடும், ஒலி மெல்ல அலையடிக்கும். பழைய மோனோப் பதிவுகளில் எதிரொலியைச் சேர்த்து ஸ்டீரியோ என்று அட்டையில் போட்டார்கள். அவற்றில் சில பாட்டுகளை இப்போது ஸ்ட்ரீமில் கேட்கும்போது, யாரோ மூல நாடாவைத் தேடிப்பிடித்து நிதானமாக மாற்றியிருப்பது தெரிகிறது. என் தட்டில் ஒரு மொத்தையாகக் கேட்ட வயலின் கூட்டம் அங்கே தனித்தனி வில்லாகக் கேட்கிறது. மூத்த பிரதி என்பதாலேயே அது நல்ல பிரதி ஆகிவிடாது என்பதையும் சுவடிக்காரர்கள் முன்பே சொல்லியிருக்கிறார்கள்.

2015 டிசம்பர் முதல் வாரத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அடையாறு கரைபுரண்ட இரவில் எங்கள் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். இரண்டாம் நாள் வடிந்தபோது அலமாரியின் கீழ் இரண்டு அடுக்குகளிலும் சேறு. 140 குறுந்தகடுகள். சோப்புத் தண்ணீரில் ஒவ்வொன்றாக அலசி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைத்தோம். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தடத்தை ஒட்டி நீளமாக விழும் கீறலைத்தான் அந்தக் கணக்கால் மீட்க முடியாது. குறுக்கே விழுந்தால் தாண்டிவிடும். துணி காயப்போடும் கொடியில், கொடுங்கை ஓரத்தில், சன்னல் கம்பியில் எல்லாம் தட்டுகள் மின்னிக்கொண்டிருந்தன. ஒன்பது தவிர மற்றவை பாடின. பெட்டிக்குள் இருந்த தாள்கள் பிழைக்கவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன.

அந்தத் தாள்களில்தான் பெயர்கள் இருந்தன. பாடியவர், எழுதியவர், பதிவு செய்தவர், ஒலிப்பதிவுக்கூடம். 1992-இல் 'ரோஜா'வோடு வந்த ஏ.ஆர்.ரஹ்மான், தன் இசைத்தொகுப்புகளின் அட்டையில் கருவி வாசித்தவர்களின் பெயர்களையும் போடுவதை வழக்கமாக்கினார். அதுவரை திரையிசையில் அந்தப் பெயர்கள் கேட்பவர்களை எட்டியதே குறைவு. ஒலிப்பொறியாளர் எச்.ஸ்ரீதரின் பெயரை நான் அறிந்துகொண்டது அப்படிப்பட்ட ஒரு தாளில்தான். விரல் நகத்தைவிடச் சிறிய எழுத்து. மெய்ப்புப் பார்க்கும் கண்ணாடியை வைத்துப் படித்திருக்கிறேன். இன்று கைப்பேசித் திரையில் மூன்று புள்ளிகளைத் தொட்டு உள்ளே போனால் பெயர்கள் வருகின்றன, பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் வரைக்கும். பழைய படங்களுக்குச் சில நேரம் அதுவும் பிழையாக வருகிறது. பெண் பாடிய பாட்டுக்கு ஆண் பெயர் போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஸ்ட்ரீமிங்குக்கு நான் செய்யும் அநியாயம். அம்மாவுக்கு 85 வயது. 'ஹரிதாஸ்' 1944-இல் வெளிவந்து சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். அந்தப் பாட்டுகளைத் தன் மாமா வீட்டுக் கிராமஃபோனில் கேட்டு வளர்ந்தவர். பின்னாளில் இலங்கை வானொலியில் எப்போதாவது வரும். வந்தால் அடுப்பைத் தணித்துவிட்டுக் கூடத்துக்கு வருவார். ஒரு கே.பி.சுந்தராம்பாள் பாட்டைப் பற்றி, அதன் முதல் அடி மட்டும் நினைவிருப்பதாக, நான் சிறுவனாக இருந்த நாள்முதல் சொல்வார். நான் கடை கடையாகத் தேடிக் கிடைக்கவில்லை. கேசட்டாகவும் இல்லை, தட்டாகவும் இல்லை. இரண்டாண்டு முன்பு என் மகள் அந்த அடியைக் கைப்பேசியில் தட்டினாள். பத்து நொடியில் வந்துவிட்டது. அம்மா முழுப் பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "இத்தனை நாளா எங்கடா இருந்துச்சு இது?" என்றார். அந்தக் கேள்விக்கு 300 ரூபாய்த் தட்டுகள் அடுக்கிய என் அலமாரியிடம் பதில் இல்லை.

இருப்பதும் எப்போதும் இருக்கும் என்றில்லை. எச்.எம்.வி. காலத்துத் தமிழ்ப் பாட்டுகளின் பெரும் பகுதி இன்று சரிகமவின் கையில் இருக்கிறது. 2019-இல் சரிகமவுக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் உரிமை குறித்து வழக்கு வந்து, அந்தப் பாட்டுகள் அங்கிருந்து நீங்கின. அடுத்த ஆண்டு உடன்பாடு ஏற்பட்டபின் திரும்பி வந்தன. எங்கள் ஆம்ப்ளிஃபயர் ஓய்ந்த அதே பருவத்தில் ஏர்டெல்லின் விங்க் மியூசிக் மூடப்பட்டது. பல ஆண்டு பார்த்துப் பார்த்து அங்கே பட்டியல் கோத்து வைத்திருந்த பழைய நண்பர் ஒருவர், வீடு மாறும்போது மூட்டை தொலைந்ததுபோல் தவித்தார். தட்டு நம் கையில் இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கும் கருவி நம் கையில் எத்தனை நாள்? புதிய மடிக்கணினியில் தட்டு நுழைய வாய் இல்லை. காரில் இல்லை. அந்தக் கடையில் புதிய சி.டி. ப்ளேயர் இரண்டே இரண்டு இருந்தன, இரண்டும் நான் வாங்க நினைத்த ஆம்ப்ளிஃபயரைவிட விலை அதிகம்.

கடைசியில் ஆம்ப்ளிஃபயரும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஸ்ட்ரீமரும் வாங்கினேன். பர்மா பஜார் ப்ளேயரை ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனேன். தட்டை உள்வாங்கிவிட்டுச் சில நேரம் படிக்க மறுத்துக்கொண்டிருந்தது. லேசர் தளர்ந்துவிட்டது என்று மெக்கானிக் சொன்னார். உள்ளே இருந்தது கே.எஸ்.எஸ்.-213. எத்தனையோ ப்ளேயர்களில் சோனி கொடுத்த அதே லென்ஸ். "இன்னும் வருது சார். வர்ற வரைக்கும் ரெண்டு வாங்கி வச்சுக்குங்க" என்றார். வாங்கி வைத்திருக்கிறேன். ப்ளேயரின் ஆப்டிகல் கம்பி இப்போது புதிய ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. எண்ணை ஒலியாக்கும் வேலை இரண்டுக்கும் ஒரே இடத்தில் நடக்கிறது, ஆகவே இனி நான் கேட்பதெல்லாம் பிரதியின் வேற்றுமை மட்டுமே.

ஒரு நீளக் குறிப்பேடு போட்டிருக்கிறேன். பாட்டின் பெயர், தட்டில் நீளம், ஸ்ட்ரீமில் நீளம், எது நல்ல பாடம், ஏன். மார்கழியில் தொடங்கி, இரவு ஒன்பதுக்கு மேல் நாளுக்கு இரண்டு பாட்டு. இதுவரை 212. அவற்றில் 90-க்குத் தட்டு, 71-க்கு ஸ்ட்ரீம். மீதிக்கு வேற்றுமை சொல்ல முடியவில்லை. முன்பெல்லாம் தட்டு முடிந்தால் மோட்டார் நின்று ஒரு சிறு சத்தம் வரும், அப்புறம் மின்விசிறி ஒலி கேட்கும், அடுத்து என்ன என்று நாம்தான் எழுந்து போக வேண்டும். ஸ்ட்ரீமரில் ஒரு பாட்டு முடிந்தால் அதுவே தனக்குத் தோன்றிய இன்னொன்றைத் தொடங்கிவிடுகிறது. அந்த வசதியை அணைத்து வைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

பொங்கலுக்கு மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். அந்த 1980களின் பாட்டு அவளுக்கும் தெரியும், கல்லூரிப் பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டது. தட்டில் போட்டேன். பாடகரின் குரல் தேயத் தொடங்கியதும், முடிந்துவிட்டது என்று காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குழல் திரும்பி வந்தது. அப்படியே நின்றாள்.

"இது எங்கேருந்துப்பா வருது?"

"இதுலதான் இருந்துது."

டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள். இரண்டாம் முறை அந்த மூச்சையும் கேட்டுவிட்டாள். "யாருப்பா வாசிச்சது?" என்றாள். அந்தத் தட்டின் தாளில் பெயர் இருந்ததா என்பது எனக்கு நினைவில்லை. தாள் 2015-இல் போய்விட்டது. கைப்பேசியில் அரை மணி நேரம் தேடினாள். மூன்று பேரின் பெயர்கள் வந்தன, மூன்றுக்கும் ஆதாரம் இல்லை. குறிப்பேட்டை எடுத்து அந்தப் பாட்டின் வரிசையில், 4.38 என்று நான் எழுதியிருந்ததற்குக் கீழே, தன் கையால் 'குழல்:' என்று எழுதி இடம் விட்டு வைத்திருக்கிறாள்.